மைக்கைக் கொடுத்த மனுஷர்

நேயர்களுக்கு வணக்கம். நடிகர், இயக்குநர் விசுவைப் பற்றிப் பேசச் சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவர் சினிமா இல்லை, ஊர் ஜனங்களை மேடையேற்றிப் பேச வைத்து ஞாயிற்றுக்கிழமை காலை சன் டிவியில் அவர் நடத்திய அரட்டை அரங்கம்தான். அது முடிகிறவரைக்கும் எங்கள் வீட்டில் யாரையும் குளிக்கப் போகச் சொல்லி விரட்ட மாட்டார்கள்.

மனுஷர் நாடகத்தில் வளர்ந்தவர். ஒய்.ஜி.பார்த்தசாரதியின் குழுவில் இருந்துவிட்டு, அப்புறம் விஸ்வசாந்தி என்று சொந்தக் குழு. அவருடைய நாடகத்தைத்தான் பாலசந்தர் 1977இல் ‘பட்டினப்பிரவேசம்’ படமாக எடுத்தார். 1982இல் ‘மணல் கயிறு’ நாரதர் நாயுடு, 1986இல் ‘சம்சாரம் அது மின்சாரம்’ அம்மையப்ப முதலியார். எந்த வேஷமாக இருந்தாலும் சொன்னதையே புரட்டிப் போட்டு, மடக்கி, இன்னொரு தரம் சொல்லி, எதிரே நிற்கிறவர் வாயைத் திறக்கவே இடம் கொடுக்காமல் பேசித் தீர்ப்பார். இவரைப் போய் ஊர் ஜனங்களைப் பேச வைக்கச் சொன்னால் விளங்கின மாதிரிதான் என்று எங்கள் சித்தப்பா முதல் வாரமே சொல்லிவிட்டார்.

நடந்தது வேறு. ஒரு வாரம் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, மனப்பாடம் செய்து வந்ததை மடமடவென்று ஒப்பித்துக்கொண்டே வந்தவள், பாதியில் மறந்துபோய் நின்றுவிட்டாள். அரங்கமே கப்சிப். விசு அடியெடுத்துக் கொடுக்கவில்லை, கைதட்டச் சொல்லவில்லை, சும்மா காத்திருந்தார். மேடையில் வசனம் மறப்பது என்றால் என்னவென்று பட்டுத் தெரிந்தவருக்குத்தான் அந்தப் பொறுமை வரும் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் எழுதி வைத்ததை விட்டுவிட்டுத் தன் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள், அது மட்டும்தான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

குறையே இல்லையா என்றால், இருந்தது. உபதேசம் சில வாரம் நீண்டுவிடும், அழுகிற முகத்தைவிட்டு கேமரா நகரவே நகராது, அது எனக்குப் பிடித்ததில்லை. அப்புறம் அவர் ஜெயா டிவிக்கு மக்கள் அரங்கம் நடத்தப் போனார், அரட்டை அரங்கத்துக்கு டி.ராஜேந்தர் வந்தார். அடுக்குமொழி அமர்க்களம்தான், ரசித்தோம், ஆனால் பேச வந்தவர்களைவிட நடத்துகிறவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விசு இறந்தது 2020 மார்ச் 22. அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. மக்கள் ஊரடங்கு என்று நாடே வீட்டுக்குள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது.