இருட்டில் பழகும் கண்

வணக்கம் நேயர்களே. பரணில் பூனை ஈன்ற குட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வாரம், பத்து நாள் அவற்றுக்குக் கண் திறக்காது. திறந்து, வெளிச்சம் பட்டால்தான் மூளையில் பார்வைக்கு வழி விழும் என்று நினைக்கிறோம். அப்படியல்ல. கண் மூடியிருக்கும்போதே வழியில் பெரும்பகுதி போட்டாகிவிடுகிறது. போடுவதும் அந்த மூடிய கண்தான்.

மனிதக் கருவின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். வாரங்கள் எல்லாம் டாக்டர்கள் எண்ணுவதுபோலக் கடைசி மாதவிலக்கிலிருந்து. 10வது வாரவாக்கில் இமைகள் ஒட்டிக்கொண்டு, 26வது வாரத்தை ஒட்டிப் பிரிகின்றன. 16, 17 வாரத்தில் ஒரு கண்ணின் பார்வை நரம்பில் 30 லட்சத்துக்கும் மேல் இழைகள். 29வது வாரத்தில் எண்ணினால் சுமார் 11 லட்சம்தான். பயப்பட வேண்டாம், இது நோயில்லை. அதிகமாக விட்டுப் பிறகு கழிப்பது வளரும் மூளையின் வழக்கம்.

சிக்கல் வேறு இடத்தில். இரண்டு கண்ணின் இழைகளும் மூளையின் ஆழத்தில் இருக்கும் தலமஸ் என்ற பகுதியில் வந்து சேர்கின்றன. அங்கே ஆறு அடுக்கு. ஒவ்வோர் அடுக்கும் ஒரே ஒரு கண்ணுக்கு. ஆனால் தொடக்கத்தில் எல்லா இழையும் கலந்து கிடக்கும். வெளிச்சமே இல்லாதபோது பிரித்து வைப்பது யார்?

1988இல் இத்தாலியின் காலி, மஃபெய் இருவரும் பிறக்காத எலிக்குட்டியின் விழித்திரையில் மின்துடிப்பைப் பதிவு செய்தார்கள். வெளிச்சம் இல்லை, துடிப்பு இருந்தது! 1991இல் அமெரிக்காவில் மைஸ்டர், வாங், பேய்லர், ஷாட்ஸ் நால்வரும், கீரி போலிருக்கும் ஃபெரெட் குட்டியின் விழித்திரையை 61 மின்முனைகள்மேல் பரப்பினார்கள். ஒரு மூலையில் கிளம்பும் துடிப்பு பக்கத்துச் செல்லுக்குப் பரவி அலையாக ஓடுகிறது. சில விநாடி துடிப்பு, பிறகு ஒன்றிரண்டு நிமிடம் அமைதி, மறுபடி அலை.

இதனால் என்ன லாபம்? ஊர்த் திருவிழாவில் குலவை ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவுக்குப் போகும். கண்ணைக் கட்டிக்கொண்டு தொலைவில் நிற்பவரும், சேர்ந்து ஒலித்த குரல்களை வைத்தே யார் யாருக்கு அண்டை வீடு என்று சொல்லிவிடலாம். மூளையும் அதைத்தான் செய்கிறது. சேர்ந்து துடிக்கும் இழைகளைச் சேர்த்து வைக்கிறது. இரண்டு கண்ணின் அலைகளும் வேறு வேறு நேரத்தில் வருவதால் கண்கள் பிரிகின்றன. மறுபடி சொல்கிறேன், இதில் வெளிச்சத்துக்கு வேலையே இல்லை.

துடிப்பை நிறுத்தினால்? ஷாட்ஸும் ஸ்ட்ரைக்கரும் பூனைக் கருவில் அதையும் பார்த்தார்கள். பேத்தை மீனில் இருக்கும் நஞ்சை மூளைக்குள் சுமார் இரண்டு வாரம் கசியவிட்டார்கள். அடுக்கு பிரியவில்லை. 2021இல் வந்த எலி ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. முன்னோக்கி நடந்தால் காட்சி கண்ணில் எந்தத் திசையில் ஓடுமோ, கண் திறக்கும் முன் அலைகள் பெரும்பாலும் அதே திசையில் ஓடுகின்றன. நடக்கப் போவதற்கு முன்கூட்டியே ஒத்திகை!

கண் அசைவுக்கு வருவோம். ஒரு கண்ணுக்கு ஆறு தசை, அவற்றை இழுக்க மூன்று நரம்பு. ஸ்கேனில் கருவின் கண் லென்ஸ் சிறு வளையமாகத் தெரியும். அதை வைத்துத்தான் அசைவைப் பார்ப்பது. 16வது வாரத்தில் மெதுவாக உருளும். 23வது வாரவாக்கில் வெடுக்கென்ற அசைவுகள் சேர்கின்றன. இமை அப்போதும் ஒட்டித்தான் இருக்கிறது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. குறைமாதக் குழந்தைகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். விழித்திரைக்கு ரத்தக்குழாய் பரவுவது 16வது வாரத்தில் தொடங்கி, காதுப்பக்க ஓரத்தைத் தொட 40 வாரம் ஆகும். முன்பே பிறந்தால் அது பாதியில் நிற்கும். ஆக்சிஜன் மிகுந்தால் இன்னும் தடைபடும். பிறகு கோணல்மாணலாகக் குழாய்கள் முளைத்து விழித்திரையையே பிய்த்துவிடலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தை என்றால், பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை. 28 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 1,200 கிராமுக்குக் குறைந்தாலோ இரண்டு, மூன்று வாரத்திலேயே. டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதி இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். வணக்கம்.