வேலை முடிந்தால் வீடும் முடிந்துவிட வேண்டுமா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம். குடியிருக்க ஒரு வீடு என்பதை மக்களின் உரிமையாக அரசு சட்டத்தால் உறுதி செய்ய வேண்டுமா என்பது இன்றைய தலைப்பு. உறுதி செய்தே ஆக வேண்டும் என்பது எங்கள் அணியின் வாதம்.

எதிரணித் தலைவர், "வீட்டைக் கட்டிப் பார் என்று முன்னோர் சொன்னது அவரவர் முயற்சியைக் குறித்துத்தான், வீட்டை அரசு கையில் கொடுத்தால் உழைப்பு மங்கிவிடும்" என்றார். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். எல்லாருக்கும் இலவச வீடு கட்டிச் சாவியைக் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு குடும்பம் தலைக்கு மேல் கூரையில்லாத நிலைக்குத் தள்ளப்படும்போது அதைத் தடுக்கும் கடமை அரசுக்கு இருக்க வேண்டும். அந்தக் கடமையில் அரசு தவறினால், அதே குடும்பம் நீதிமன்றத்தில் நின்று கேட்க வழியிருக்க வேண்டும். இவ்வளவுதான் நாங்கள் கேட்கும் உரிமை. உழைப்பு மங்கும் என்ற அச்சத்தை இந்த ஊரில் வந்து சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. விடியற்காலையில் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, நிரையாக நின்ற மரங்களிடையே நடந்து பால்மரம் வெட்டியவர்களின் உழைப்பு எப்போது மங்கியது?

நடுவர் அவர்களே, தோட்ட வீடு எப்படிப்பட்ட வீடு என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அது வேலையோடு ஒட்டிய வீடு. தோட்டத் தொழிலாளரின் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று இந்த நாடு 1966இலேயே சட்டம் இயற்றியது. 1990இல் அதன் இடத்தில் விரிவான வேறொரு சட்டம் வந்தது. குழாய்நீர், மின்சாரம், குழந்தைக் காப்பகம் வரை அது பேசுகிறது. ஆகவே, மனிதன் தகுந்த வீட்டில் வாழ வேண்டும், அதைச் சட்டத்தின் பலத்தால் கேட்கலாம் என்ற கொள்கையை நாடு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு, வேலையில் இருக்கும் காலம் வரைக்கும்தான். பணி ஓய்வு பெற்ற மறுநாள், அல்லது கணவர் இறந்து மனைவி தோட்டத்தில் வேலை செய்யாதவராக இருந்தால் அப்போதே, அந்த வீட்டில் இருக்கும் நியாயம் நிர்வாகத்தின் தயவாக மாறிவிடுகிறது. வீடு தேவைப்படுவது அன்றைக்குத்தானே? அறுபது வயதில் எந்த வங்கி வீட்டுக் கடன் கொடுக்கும்? தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட் என்று நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். இன்று ஓய்வு பெறும் தொழிலாளி தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்கு முந்தைய கூலியில் கழித்தவர். கூலி சிறிது என்றால் ஊழியர் சேமநிதியும் சிறிதுதான். சேமித்து வீடு வாங்கியிருக்கலாமே என்பவர்கள், எதிலிருந்து சேமிப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு எதிரணியினர், தொழிலாளர்களே கூடித் தோட்டம் வாங்கினார்களே என்று, மலேசிய இந்தியக் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தனை முன்னிறுத்தினார்கள். இந்த மண்ணின் மைந்தரை அவர்கள் நினைவுகூர்ந்ததற்கு நான் நன்றி சொல்கிறேன். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்க, வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோன குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அப்போது அவர் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தவணையில் பங்குப் பணம் கட்டினார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் தொடங்கித் தோட்டங்கள் தொழிலாளர் கைக்கு வந்தன. இது பெருமைக்குரிய வரலாறு. ஆனால் அந்தச் சங்கம் ஏன் தேவைப்பட்டது? நிலம் கைமாறும்போது அதில் குடியிருப்பவர்களைக் காக்க ஒரு சட்டமும் இல்லாததால்தான். சங்கம் வாங்க முடிந்த தோட்டத்து மக்கள் தப்பினார்கள். வாங்க முடியாமல் போன தோட்டத்து மக்களுக்கு யார் துணை? ஏழைகள் கூலியில் மிச்சம்பிடித்துத் தங்களைத் தாங்களே காத்துக்கொண்டார்கள் என்பது அவர்களுடைய உயர்வைக் காட்டுகிறது. அரசுக்குக் கடமை இல்லை என்று காட்டவில்லை.

நில விவகாரத்தை இன்னும் சற்று நின்று பார்க்க வேண்டும். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 13ஆவது பிரிவு சொத்தைக் காக்கிறது. போதுமான இழப்பீடு இல்லாமல் ஒருவருடைய சொத்தை எடுக்கக்கூடாது என்கிறது. நல்லது. ஆனால் அந்தப் பாதுகாப்பு நிலப்பட்டாவில் பெயர் உள்ளவருக்கு. மூன்று தலைமுறையாக அதே மண்ணில் பிறந்து, அதே கோயிலில் தீமிதித்து, அதே சுடுகாட்டில் பெற்றோரை எரித்தவருக்குப் பட்டா இல்லையென்றால், அரசியலமைப்பில் அவருக்கென்று ஒரு வரியும் இல்லை. சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீஃபீல்டு தோட்டம். புத்ராஜெயா பிராங் பெசார் தோட்டம். நாட்டின் நிர்வாகத் தலைநகரே தோட்டத்து மண்ணில் எழுந்தது. அங்கிருந்த குடும்பங்கள் டெங்கில் என்ற ஊரின் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டு, சுவர் வெடிப்புகளைப் பற்றி ஆண்டுக்கணக்கில் முறையிட வேண்டியிருந்தது. 2009இல் பினாங்கின் புவா பாலா கிராமம் இடிக்கப்பட்டபோதும், நீதிமன்றப் படி ஏறிய மக்களுக்குச் சட்டம் கைகொடுக்கவில்லை. பேரம் பேசிக் கிடைத்ததே மிச்சம். உரிமை இருப்பவர் நீதி கேட்கிறார், இல்லாதவர் இரக்கம் கேட்கிறார்.

அரசிடம் அவ்வளவு பணமும் ஆற்றலும் ஏது என்று கேட்டார்கள். இந்த ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? 1948 ஜூன் 16ஆம் நாள் இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க அன்றைய ஆங்கில ஆட்சி அறிவித்த அவசரகாலம் பிறந்தது. 1950இல், கிளர்ச்சியாளர்களிடமிருந்து மக்களைப் பிரித்துக் குடியமர்த்தும் பிரிக்ஸ் திட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் 400க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். முள்வேலிக்குள், விருப்பத்துக்கு மாறாக நடந்த அந்தக் கொடுமையை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். நான் எடுத்துக்கொள்வது ஒன்றை மட்டும்: தனக்குத் தேவை என்று நினைத்தபோது, இன்றைய வருவாயில் ஒரு சிறு பங்குகூட இல்லாத அன்றைய அரசு, நிலம் ஒதுக்கி மக்களைக் குடியமர்த்திக் காட்டியது. 1956இல் பெல்டா என்னும் அரசு நில மேம்பாட்டு அமைப்பு தோன்றி, நிலமற்றவர்களுக்கு நிலத்தோடு வீடும் கொடுத்ததும் இதே நாட்டில்தான்.

பி.பி.ஆர். எனும் அரசின் மக்கள் வீடமைப்புத் திட்ட வீடுகள் இருக்கின்றனவே, மாதம் 124 ரிங்கிட் வாடகைதானே என்பார்கள். அந்தத் திட்டத்தால் பயன்பெற்றவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் திட்டம் வேறு, உரிமை வேறு. திட்டம் வரவுசெலவுக் கணக்கோடு வருகிறது, ஆட்சியோடு மாறுகிறது; 2018க்கும் 2022க்கும் இடையில் நாம் எத்தனை பிரதமர்களைக் கண்டோம்! அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. வீடமைப்பு அமைச்சு கூட்டரசிடம் இருக்கிறது, நிலமோ மாநில அரசிடம் இருக்கிறது. விண்ணப்பித்தவர் இங்கே கேட்டால் அங்கே போ, அங்கே கேட்டால் இங்கே வா. அரசியலமைப்பில் எழுதப்பட்ட உரிமை ஒன்றுதான் இரண்டு அரசுகளையும் ஒருசேரக் கட்டும். எதிரணியினர் சிங்கப்பூரைக் காட்டி, உரிமை என்று எழுதாமலே அங்கு வீடு கிடைத்தது என்றார்கள். அங்கே 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு நிலமும் பணமும் ஒரே அரசின் கையிலிருந்து தடையின்றி வந்தன. நம் நாட்டின் அமைப்பு அப்படியில்லை என்பதால்தான் நமக்கு எழுத்து தேவைப்படுகிறது.

கடைசியாக, எதிரணியினர் தென்னாப்பிரிக்காவின் ஐரீன் குரூட்பூமைக் குறிப்பிட்டார்கள். வீட்டுரிமை வழக்கில் 2000ஆம் ஆண்டில் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் வென்ற அந்தப் பெண்மணி, 2008இல் குடிசையிலேயே இறந்தார் என்பது உண்மை. அது என்னையும் சுடுகிறது. எழுதிவைத்தால் மட்டும் செங்கல் அடுக்கப்படுவதில்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு, இன்றைக்கே கூரையில்லாமல் நிற்பவர்களுக்கு இடம் வைக்காத வீடமைப்புத் திட்டம் நியாயமான திட்டமாகாது என்று அரசையே கண்டித்தது. அந்நாட்டு அரசியலமைப்பின் 26ஆவது பிரிவோ, எல்லாச் சூழ்நிலைகளையும் ஆராய்ந்து நீதிமன்றம் ஆணையிடாமல் எவரையும் வீட்டிலிருந்து வெளியேற்றக்கூடாது என்கிறது. அப்படி ஒரு பிரிவு நம் நாட்டில் இருந்திருந்தால், மாற்று வீடு எங்கே என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் முன் புல்டோசர் தோட்டத்துக்குள் நுழைந்திருக்குமா? அந்தப் பிரிவு இங்கும் எழுதப்பட வேண்டும், அதில் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியும் அவருடைய துணைவியும் முதலில் சேர்க்கப்பட வேண்டும் என்று கேட்டு, நடுவர் அவர்களின் தீர்ப்பை எங்கள் அணிக்கு வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.