மகன் இங்கிலாந்துல படிக்கான், ஆர்ப்பாட்டத்துக்குப் போனா விசா போயிருமா?

அடுத்த கேள்வி மேலப்பாளையத்துல இருந்து ஒரு வாப்பா கேட்டிருக்காங்க. மகன் இங்கிலாந்துல எம்.ஏ. படிக்கானாம். தீவிரவாத இயக்கங்கள் எப்படி ஆள் சேக்குதுங்கிறதுதான் ஆய்வுத் தலைப்பு. பாலஸ்தீன ஆர்ப்பாட்டத்துக்கும் போறான். "பிரிவென்ட்ல இவன் பேரைக் கொடுத்துட்டா விசா போயிருமா?"ன்னு கேக்காங்க.

அதனால மட்டும் போகாது. பிரிவென்ட்ங்கிறது ஆளுங்க தீவிரவாதத்துக்குள்ள போயிராம தடுக்க அங்க அரசு நடத்துற திட்டம். அதுல பல்கலைக்கழகத்துக்கான பொறுப்பு, 2015 பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்துல வந்த கடமை. ஒரு மாணவன் மேல சந்தேகம்னா பல்கலைக்கழகம் மேல தெரிவிக்கும். அது குற்றப்பதிவு கிடையாது. அடுத்து 'சேனல்'னு ஒரு குழு, தீவிரவாதத்துப் பக்கம் போயிராம இருக்க உதவி செய்யுறதுக்கு. பையன் சம்மதிச்சாத்தான் அதுல உண்டு, மாட்டேன்னும் சொல்லலாம். பல்கலைக்கழகம் பேச்சுரிமைக்கும் கல்விச் சுதந்திரத்துக்கும் தனிக் கவனம் கொடுக்கணும்னு அதே சட்டத்துல 31-ம் பிரிவு சொல்லுது. இதை எடுத்துச் சொல்ற ஆளுதான் குறைவு.

ஆர்ப்பாட்டத்துக்குப் போகட்டும். தடை செஞ்ச இயக்கத்தோட கொடி, பேட்ஜ் எல்லாம் கூடாது. ஹமாஸ் 2021-லயே மொத்தமா தடைப் பட்டியல்ல வந்தாச்சு. பாலஸ்தீனக் கொடி வேற, அது வேற. பக்கத்துல நிக்கவன் நீட்டுற பதாகையை வாசிச்சுப் பாத்துட்டுப் பிடிக்கச் சொல்லுங்க. கைதாகித் தண்டனைன்னு போனா விசாவுக்குச் சிக்கல்தான்.

எனக்கு அந்த ஆய்வுதான் யோசனையா இருக்கு. 2008-ல இங்கிலாந்துல நாட்டிங்காம் பல்கலைக்கழகத்துல ரிஸ்வான் சபீர்னு ஒரு மாணவர், ஆராய்ச்சிக்காக எடுத்த அல்-காயிதா கையேட்டால கைதானாரு. அமெரிக்க நீதித்துறை இணையதளத்துலயே கிடந்த கோப்பு அது! நாள் கணக்கா உள்ள வச்சுட்டு, குற்றம் எதுவும் சாட்டாம விட்டாங்க. பெறவு போலீஸ் 20,000 பவுண்டு இழப்பீடு கொடுத்துச்சு.

ஆராய்ச்சிக்காக வச்சிருந்தா அது நியாயமான காரணம்னு சட்டமே ஒத்துக்கிடுது. ஆனா அதைக் காட்ட கையில காகிதம் இருக்கணும்லா? அதனால கோப்பை இறக்குறதுக்கு முன்னாலயே வழிகாட்டிப் பேராசிரியருக்கு மெயில் போடணும்: தலைப்பு இது, தேவைப்படுற கோப்பு இன்னது, எதுக்காக. நேர்ல கேட்டு அவரு தலையாட்டினா பத்தாது. ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதி எழுத்துல வந்த பெறவு, பல்கலைக்கழகம் ஒதுக்குற பாதுகாப்பான சேமிப்பிடத்துல மட்டும் வைக்கணும். சொந்த போன்ல வேண்டாம். "இதைப் பாருங்க"ன்னு ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்குத் தட்டி விட்டுறவே கூடாது. பரப்புறது தனிக் குற்றம், அங்க ஆராய்ச்சின்னு சொல்லித் தப்பிக்கிறது கஷ்டம்.

பேரைக் கொடுத்துட்டாங்களோன்னு சந்தேகம் வந்தா, தன்னைப் பத்தின பதிவுகளைக் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதலாம். காசு கிடையாது, பொதுவா ஒரு மாசத்துக்குள்ள பதில் தரணும்.