பேய்க்கு ஃபிளாஷ்பேக் எங்கே வைப்பது?

நேயர்களுக்கு வணக்கம். பேய்ப்படம், சூப்பர்ஹீரோ படம், மாயமந்திரத் தொடர் இதையெல்லாம் பற்றி ஒரு ரசிகனாக வந்து பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். நான் விமர்சகன் கிடையாது. நாகர்கோவில் கோட்டாறில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன், கடையை அடைத்துவிட்டு இரண்டாவது ஆட்டத்துக்கு ஓடுகிற ஆள். அதனால் இனி சொல்லப்போவதெல்லாம் என் சொந்தக் கருத்து. சண்டைக்கு வருகிறவர்கள் கடைக்கே வரலாம்.

முதலில் ஒரு குற்றச்சாட்டு. நம்ம தமிழ்ப் பேய்ப்படங்களில் பயம் செத்துப்போகிற இடம் ஒன்று உண்டு, பெரும்பாலான படங்களில் அது ஒரே இடம்தான்: இடைவேளைக்குப் பிறகு வருகிற ஃபிளாஷ்பேக். அதுவரைக்கும் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், ஆளில்லாத ஊஞ்சல் ஆடும், நாமும் காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்போம். அப்புறம் ஒரு சாமியார் வந்து "யார் நீ, உனக்கு என்ன வேணும்" என்று கேட்பார். பேயும் உட்கார்ந்து சொல்ல ஆரம்பிக்கும். பச்சைப் பசேலென்று ஒரு ஊர், நல்ல மனசுக்காரப் பெண், ஒரு பாட்டு, நிலத்துக்கு ஆசைப்படுகிற அரசியல்வாதி, கொலை. முடிந்தது கதை. அதற்குப் பிறகு அந்தப் பேய் உத்தரத்திலிருந்து தலைகீழாகத் தொங்கினாலும் தியேட்டரில் விசில்தான் பறக்கும். என் தங்கை மகன் ஒருவன் இருக்கிறான், எதையும் ஒரு வரியில் கிண்டலடித்துவிடுவான். "மாமா, நம்ம ஊர் பேயெல்லாம் கலெக்டர் ஆபீசுல திங்கக்கிழமை மனு கொடுக்க வர்றவங்க மாதிரி, மனுவை வாங்கிட்டா போயிரும்" என்றான். சிரித்துவிட்டேன், ஆனால் அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது.

2011-ல் வந்த காஞ்சனாவை எடுத்துக்கொள்ளுங்கள். ராகவா லாரன்ஸ் பேய்க்குப் பயந்து அம்மா இடுப்பில் ஏறிக்கொள்ளாத குறையாகத் திரிவார், கோவை சரளா பின்னி எடுப்பார், இதெல்லாம் சரி. ஆனால் அந்தப் படத்தை இன்றைக்கும் ஞாபகம் வைத்திருப்பது சரத்குமாருக்காகத்தான். ஒரு திருநங்கையாக, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவராக, இன்னொரு பெண்ணை எடுத்து வளர்த்து டாக்டராக்குகிறவராக அவர் வருகிற அந்தப் பகுதி முழுக்க தியேட்டரில் சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய நடிகர், அந்தக் காலகட்டத்தில், அந்த வேஷத்தைக் கேலிக்கூத்தாக்காமல் செய்தது பெரிய விஷயம். சரி, அதற்குப் பிறகு என்ன ஆனது? காஞ்சனா வில்லன்களைத் துரத்தும்போது யாராவது பயந்தோமா? எல்லோரும் காஞ்சனா பக்கம் போய்விட்டோம். அடி, இன்னும் அடி என்று கத்தினோம். அசாத்திய சக்தி, சக்தி வந்த கதை, அநியாயம் செய்த வில்லன், கடைசியில் நியாயம். இதற்குப் பெயர் சூப்பர்ஹீரோ படம் அல்லாமல் வேறென்ன?

தமிழில் சூப்பர்ஹீரோ படம் எடுக்கத் தெரியவில்லை என்று புலம்புகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். 2012-ல் முகமூடி என்று ஒன்று வந்தது, மிஷ்கின் படம், ஜீவாவுக்கு முகமூடியெல்லாம் மாட்டிப் பார்த்தார்கள், மக்களுக்கு ஒட்டவில்லை. முகமூடி இல்லாமலேயே நம்ம ஹீரோ ஒற்றை அடியில் பத்துப் பேரைப் பறக்கவிடுகிறார், அவருக்கு எதற்குத் தனியாக மேலங்கி? உண்மையான சூப்பர்ஹீரோக்கள் நம்மிடம் வெள்ளைப் புடவையில், தலைவிரி கோலத்தில் வந்துகொண்டுதான் இருந்தார்கள். நாம் அவர்களைப் பேய் என்று தவறாக வகைப்படுத்தி வைத்திருந்தோம்.

இந்த இடத்தில் என் மதினி ஒரு ஆட்சேபம் சொல்வார், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் அரண்மனை என்கிற பேய் காமெடிப் பட வரிசையில் ஒன்றுவிடாமல் பார்த்தவர். "உனக்கு என்ன, தனியா போய் உக்காந்து பயந்துட்டு வருவ. நான் மூணு பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிட்டுப் போகணும். சிரிப்பும் இருக்கணும், பயமும் இருக்கணும், கடைசில அம்மன் வந்து காப்பாத்தணும். ராத்திரி எல்லாரும் தூங்கணும்ல" என்பார். நியாயமான பேச்சு. குடும்பமாகப் போகிற படம் என்று ஒன்று வேண்டும், பேய் காமெடி அந்த இடத்தை நிரப்பியது. என் வருத்தமெல்லாம் ஒரு கட்டத்தில் அது மட்டுமே மிச்சம் என்று ஆனதில்தான்.

ஃபிளாஷ்பேக்கே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் குமரி மாவட்டத்தில் பிறந்துவிட்டு அப்படிச் சொல்ல முடியாது. இங்கே பாதி தெய்வங்களுக்கு ஃபிளாஷ்பேக்தான் ஆதாரம். அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள், அடங்காமல் அலைந்தவர்கள், அவர்களுக்குப் பீடம் போட்டு, கொடை என்கிற கோயில் திருவிழா எடுத்து, வருஷா வருஷம் அவர்கள் செத்த கதையை அவர்கள் முன்னாலேயே பாடிக் காட்டுகிறோம். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்கு இன்றைக்கும் லாரிக்காரர் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார். கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும், வில்லில் கட்டின மணி குலுங்க, குடமும் உடுக்கையும் சேர, பாடுகிறவர் கதையை எப்படி விரிப்பார் என்று.

நீலி கதையைக் கவனியுங்கள். ஊருக்கு ஊர் மாறும். திருவாலங்காட்டுப் பக்கத்தில் அது பழையனூர் நீலி, எங்கள் பக்கம் கள்ளியங்காட்டு நீலி. நம்பி வந்த பெண், காட்டுவழி, அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள், அவன் மெல்லத் தலையை இறக்கி வைத்துவிட்டுக் கல்லைத் தூக்கிப் போடுகிறான். சாட்சி ஒரு கள்ளிச்செடி. அடுத்த பிறவியில் அவன் வியாபாரியாக வருகிறான். அவளும் வருகிறாள், ஒரு கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் இவர்தான் என் புருஷன், என்னைக் கைவிட்டுவிட்டார் என்று அழுகிறாள். இவன் அலறுகிறான், இது பேய், என்னைக் கொல்ல வந்திருக்கிறது என்று. அந்தக் குழந்தை தத்தித் தத்திப் போய் "அப்பா" என்று அவன் மடியில் ஏறுகிறது. பெரியவர்கள் என்ன செய்வார்கள்? இருவரையும் ஒரே அறையில் இருக்கச் சொல்கிறார்கள். அவன் பாதுகாப்புக்கு வைத்திருந்த ஆயுதத்தையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்கும் கொடுக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணம். வாக்குக் கொடுத்த அந்தப் பெரியவர்கள், எழுபது வேளாளர்கள், சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

இதில் ஃபிளாஷ்பேக் எங்கே இருக்கிறது? முதலிலேயே வந்துவிடுகிறது. அவள் யார், எப்படிச் செத்தாள், எதற்கு வந்திருக்கிறாள், எல்லாம் கேட்கிறவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்தக் குழந்தை மடியில் ஏறுவதைக் கேட்கும்போதுதான் வயிற்றைப் பிசைகிறது. அதை அப்படியே இன்றைய படமாக எடுத்திருந்தால், ஆயுதத்தை வாங்குவதையெல்லாம் முதலில் காட்டிவிட்டு, கல்லைப் போட்ட கதையை இடைவேளைக்குப் பிறகு ஒரு சோகப்பாட்டோடு வைத்திருப்பார்கள். பயத்தை ரகசியத்தில் வைப்பதா, முன்கூட்டியே தெரிந்திருப்பதில் வைப்பதா என்கிற விஷயத்தில் வில்லுப்பாட்டுக்காரர்கள் நம்ம டைரக்டர்களைவிடக் கெட்டிக்காரர்கள் என்பது என் கட்சி.

இதே வேலையை ஒரு சூப்பர்ஹீரோ படத்தில் செய்து பார்த்தது மின்னல் முரளி, 2021 கிறிஸ்துமஸ் சமயத்தில் நெட்ஃபிளிக்ஸில் வந்த பேசில் ஜோசப்பின் மலையாளப் படம். ஒரே ராத்திரியில் இரண்டு பேரை மின்னல் தாக்குகிறது. ஒருவன் தையல்காரன், இன்னொருவன் டீக்கடையில் வேலை பார்க்கிற ஷிபு. ஷிபுவாக நடித்தது நம்ம குரு சோமசுந்தரம். அவன் ஒரு தப்பும் செய்வதற்கு முன்னாலேயே ஊர் அவனை எப்படி நடத்துகிறது, அவன் உஷாவை எத்தனை வருஷமாக மனசில் வைத்திருக்கிறான் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் அவன் கையில் சக்தி வந்ததும் நமக்குப் பகீர் என்கிறது. உஷாவின் குழந்தை சிகிச்சைக்காகத்தான் வங்கியில் கொள்ளையே அடிக்கிறான். உஷாவிடம் அவன் அழுதுகொண்டே சிரிக்கிற இடத்தில் நான் ஹீரோவை மறந்தே போனேன். அமெரிக்க சூப்பர்ஹீரோ படக் கம்பெனி மார்வெல் இத்தனை வருஷம் இத்தனை கோடி செலவழித்துக் காட்டிய வில்லன்களில் தானோஸைத் தவிர வேறு யாரும் எனக்கு அந்த அளவுக்கு ஞாபகத்தில் இல்லை. அவர்களுடைய அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம் படத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் நான் அதிகம் போவதில்லை, ஒரு படம் பார்க்க நாலு தொடர் பார்த்துவிட்டு வா என்றால் கடையை யார் பார்ப்பது?

எண்ட்கேம் என்றதும் ஒரு ஞாபகம். 2019-ல் அதன் தமிழ் டப்பிங்கில் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள், பழைய குரலைக் கொண்டுவா என்று. எனக்கும் ஒட்டவில்லை, திரையில் அயர்ன்மேனான டோனி ஸ்டார்க் பேசுகிறார், காதில் பீட்சா பட ஆள் கேட்கிறார். வேடிக்கை என்னவென்றால் 2023-ல் மாவீரன் வந்தபோது அதே குரல்தான் படத்துக்கு உயிர். மடோன் அஸ்வின் எடுத்தது. சிவகார்த்திகேயன் பயந்தாங்கொள்ளி ஓவியராக, சித்திரக்கதை வரைகிறவராக வருவார். அண்ணாந்து பார்த்தால் அவருக்கு மட்டும் ஒரு குரல் கேட்கும், அவர் என்ன செய்யப்போகிறார் என்று வர்ணித்துக்கொண்டே இருக்கும். சக்தி என்று பார்த்தால் அவ்வளவுதான். பறக்கவில்லை, சுவரில் ஏறவில்லை, குரல் கேட்கிறது. கேட்கக்கூடாது என்று அவர் குனிந்துகொண்டே நடக்கிற இடங்களில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தமிழில் உருப்படியான சூப்பர்ஹீரோ படம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் ஹீரோ நிஜமாகவே பயப்படுகிறார்.

காதுக்குத்தான் பயம் என்பதற்கு விடாது கருப்பையும் சொல்லாமல் விட முடியாது. மர்மதேசம் வரிசையில், தொண்ணூறுகளின் கடைசியில் சன் டிவியில் வந்த தொடர், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம். குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்டால் தெருவே கப்சிப். இன்றைக்கு யூடியூப்பில் போட்டுப் பார்த்தால் படம் மங்கலாக இருக்கிறது, சில காட்சிகள் ஜவ்வாக இழுக்கின்றன, அது உண்மைதான். ஆனால் சாமிதான் தண்டிக்கிறதா, இல்லை மனுஷன் செய்கிற வேலையா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து பேசிக்கொண்டிருப்பதும், அடுத்த எபிசோடுக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்ததும் சேர்ந்து செய்த வேலையை, ஒரே ராத்திரியில் எட்டு எபிசோடு பார்க்கிற இன்றைய ஓடிடி தொடர்களால் எனக்குச் செய்ய முடியவில்லை.

விளக்கமே அதிகம் கொடுக்காமல் பயமுறுத்துகிற வகையும் இருக்கிறது. 2024-ல் வந்த மலையாளப் படம் பிரமயுகம், முழுக்கக் கறுப்பு வெள்ளை. பாட்டுப் பாடிப் பிழைக்கிற ஒரு பாணன் வழிதவறி ஒரு பாழடைந்த பெரிய வீட்டுக்கு வருகிறான். உள்ளே மம்மூட்டி. சாப்பாடு போடுகிறார், பாடச் சொல்கிறார், தாயம் உருட்டக் கூப்பிடுகிறார். பணயம் வைக்க என்னிடம் எதுவும் இல்லையே என்கிறான் பாணன். உன் நேரத்தை வை என்கிறார். அவ்வளவு சாதாரணமாகக் கேட்கிறார். தோற்றுவிட்டால் அவன் அந்த வீட்டைவிட்டுப் போக முடியாது. ரத்தம் தெறிக்கிற எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன், ஒரு மனுஷன் சிரித்துக்கொண்டே தாயக்கட்டையை உருட்டுகிற காட்சிக்கு இப்படிக் குலைநடுங்கினது கிடையாது.

கடைசியாக லோகா. 2025 ஆகஸ்டில் வந்த மலையாளப் படம், டொமினிக் அருண் எடுத்தது, கதாநாயகி கல்யாணி பிரியதர்ஷன். பெங்களூரில் ஒரு பெண், ராத்திரி வேலைக்குப் போகிறாள், எதிர்வீட்டுப் பையன் எட்டிப் பார்க்கிறான், பார்த்தால் அவள் கள்ளியங்காட்டு நீலி. பார்வதிபுரத்துப் பக்கத்தில் இருக்கிற கள்ளியங்காட்டு நீலி, சூப்பர்ஹீரோ! தியேட்டரில் பாதிப் பேர் கைதட்டினார்கள், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைதான், நம்ம வாசலில் கிடந்ததை மலையாளத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே என்று. தங்கை மகனுக்குப் படம் ரொம்பப் பிடித்தது. வில்லனாக நம்ம டான்ஸ் மாஸ்டர் சாண்டி மிரட்டியதையே நாலு நாள் பேசினான். எனக்கு முதல் பாதி பிரமாதம், இரண்டாம் பாதியில் அடுத்தடுத்த பாகங்களுக்கு விளம்பரப் பலகை வைத்துக்கொண்டே போனது சலிப்பு. அவள் ஒரு பழங்குடிச் சிறுமியாக எல்லாவற்றையும் இழந்த ஃபிளாஷ்பேக் அங்கேயும் நடுவில்தான் வருகிறது. ஆனால் படம் ஆரம்பத்திலிருந்தே நம்மை அவள் பக்கம்தான் நிற்க வைத்திருக்கிறது, பயமுறுத்துவதாக எந்தச் சத்தியமும் செய்யவில்லை, அதனால் குறை சொல்ல மாட்டேன்.

கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கின அந்த நீலி மட்டும் இன்னும் எனக்குத் தெரிந்து எந்தப் படத்திலும் முழுசாக வரவில்லை. யாராவது டைரக்டர் கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த கொடைக்கு இந்தப் பக்கம் வாருங்கள், வில்லுப்பாட்டு முடிய விடியற்காலை ஆகும், நானே கூட்டிக்கொண்டு போகிறேன். பாட்டை மட்டும் இடைவேளைக்குப் பிறகு வைத்துவிடாதீர்கள். வணக்கம்.