ஓஃப் வைற் எல்லாம் ஒன்றா?

நடுவர் ஐயாவுக்கும் சபையோருக்கும் வணக்கம். 'சுவருக்கு ஓஃப் வைற்றில், அதாவது வேறு நிறம் கொஞ்சம் கலந்த வெள்ளையில், எதை அடித்தாலும் ஒன்றுதான், பெயர்தான் வேறு' என்று எதிரணி அண்ணன் முழங்கிவிட்டுப் போயிருக்கிறார்.

ஐயா, உங்கள் பட்டு வேட்டியையும் சட்டையையும் கொஞ்சம் பாருங்கள். வேட்டியைத் தனியாகப் பார்த்தால் வெள்ளை. சட்டைக்குப் பக்கத்தில் வந்ததும் வெண்ணெய். மன்னிக்க வேண்டும், கைக்கெட்டிய உதாரணம் இதுதான்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஹோலுக்குக் கடையின் ரியூப் லைற்றுக்குக் கீழே, தீப்பெட்டி அளவு துண்டைப் பார்த்து நிறம் எடுத்தோம். காலையில் அருமை. பின்னேரம் கடல் பக்க யன்னலால் வெயில் விழுந்ததும் சுவர் முழுக்கக் கஸ்ரட்! மிஞ்சியதைப் பின் அறைக்கு அடித்தோம். அங்கே யன்னலை ஒட்டிப் பக்கத்து வீட்டு மாமரம். அறை பச்சை தட்டியது. "ஆஸ்பத்திரி வார்ட் மாதிரிக் கிடக்கு" என்றார் அம்மா.

'அது வெளிச்சத்தின் குற்றம், பெயின்ற்றின் குற்றமில்லை' என்று அண்ணன் எழும்புவார். சரி, மிச்சத்தையும் கேளுங்கள். பெயின்ற் பாஸைத் திரும்பக் கூப்பிட்டு அதே அறைக்கு வேறொரு ஓஃப் வைற் அடித்தோம். மாமரம் அங்கேயேதான் நிற்கிறது, பச்சையைக் காணவில்லை. காரணம் கலவைதான். வெள்ளைப் பெயின்ற் வாளிக்குள் கடை மெஷின் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறது. மஞ்சளோடு கறுப்புச் சேர்ந்தால் பச்சை தட்டும். சிவப்புச் சேர்ந்தால் ரோசா தட்டும், அந்த ரோசா மாமரத்துப் பச்சையை அமத்திவிடும்.

2016இல் அமெரிக்காவின் இரண்டு பெரிய பெயின்ற் கம்பனிகள் ஆளுக்கொரு ஓஃப் வைற்றை ஆண்டின் நிறமாக அறிவித்தன. பெஞ்சமின் மூர் எடுத்தது சிம்ப்ளி வைற், ஷெர்வின் வில்லியம்ஸ் எடுத்தது அலபாஸ்டர். விற்கிற தந்திரம் என்பீர்கள், இருக்கட்டும். ஆனால் சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்குக் கறுப்பு 0, தூய வெள்ளை 100 என்று ஒரு அளவு உண்டு. அதில் அலபாஸ்டர் 82, சிம்ப்ளி வைற் 90க்குக் கிட்ட. அடுத்த கட்டிடம் யன்னலை மறைக்கிற கொழும்பு பிளாட்டில் அந்த வித்தியாசமும் கணக்குத்தான்.

இதோ இரண்டு அட்டை. இரண்டுக்கும் வெவ்வேறு ஓஃப் வைற்றை இரண்டு கோட் அடித்துக் காயவைத்துக் கொண்டுவந்தேன். அண்ணன் இவற்றை அந்த யன்னலடியில் பிடித்துப் பார்த்து, தன் வீட்டுக்கு எது வேண்டும் என்று மட்டும் சொல்லட்டும். ஏன் என்று நான் கேட்கமாட்டேன்.