கரையில் நட்ட மினாரா

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தமிழாசிரியப் பெருமக்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்த முனைவர் அவர்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய பொன்னாடையை என்னிலும் மூத்தவரான செயலாளர் ஐயாவுக்கே உரித்தாக்குகிறேன்.

'கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்' என்பார்கள். சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்த நம்மவர்கள் அந்தச் சொல்லைக் கட்டியே காட்டினார்கள். கோபுரம், பள்ளிவாசல், கடைவீடு ஆகிய மூன்றையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்ட கொட்டகைதான். அதே ஆண்டில் தெலுக் ஆயர் தெருவில், தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் ஒரு குடிசையில் தொழுதார்கள். பிறகு அங்கே செங்கல் கட்டடம் எழுந்தது. ஆனாலும் குச்சுப் பள்ளி, அதாவது குடிசைப் பள்ளிவாசல், என்ற பெயர் போகவில்லை.

அதே தெருவில் 1828 முதல் 1830 வரை, நாகூர் ஆண்டவர் நினைவாகக் கட்டியதுதான் இங்குள்ள நாகூர் தர்கா. கீழே ஐரோப்பியப் பாணித் தூண்கள். மேலே சல்லடைபோல் துளையிட்ட கைப்பிடிச் சுவர். மூலைகளில் அடுக்கடுக்காய் ஏறும் சிறு மினாராக்கள். நாகப்பட்டினத்திலிருந்து முதன்முறையாக வந்த என் தாய்மாமாவை அங்கே அழைத்துப் போனேன். நடைபாதையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். அண்ணாந்து பார்த்தவர், "ஆண்டவர் தர்காதான். கடல் எங்கே?" என்றார். இந்தத் தெருதான் அன்றைய கடற்கரை, பிறகு கடலைத் தூர்த்துவிட்டார்கள் என்றேன். நம்பவில்லை. கிழக்கே நூறடி நடந்து தேடிவிட்டுத் திரும்பினார்! அப்புறம் மடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சொன்றை எடுத்தார். நான் முதன்முதலில் விமானம் ஏறியபோது என் பாட்டி நாகூருக்கு நேர்ந்து முடிந்த காசு அது. சுவரில் ஒருமுறை ஒற்றிவிட்டு மீண்டும் மடியில் வைத்துக்கொண்டார். "காசை நாகூரில் போடுகிறேன். நீ வந்து சேர்ந்ததை இங்கே சொல்லிவிட்டேன்" என்றார்.

சற்றுத் தள்ளி தியன் ஹோக் கெங் கோயிலில் சீனர்களும் கடல் தெய்வமான மாஸுவுக்கு இப்படித்தான் நன்றி சொன்னார்கள். கோயில் இல்லா ஊரில் அவர்களும் குடியிருக்கவில்லை.

கடைவீடுகளைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். என் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். தர்கா 1974 முதல் தேசிய நினைவுச்சின்னம். சட்டம் சுவரைக் காக்கும்; குச்சு என்றால் என்னவென்று நம் பிள்ளைக்கு யார் சொல்வது? மாதம் ஒரு ஞாயிறு, தெலுக் ஆயரிலிருந்து மாரியம்மன் கோயில்வரை, தமிழிலேயே பேசிக்கொண்டு பிள்ளைகளை நடத்திச் செல்வோம். ஆசிரியர்களே, தேதியை நீங்களே குறியுங்கள். தாத்தா பாட்டிகளையும் அழைத்து வாருங்கள். வாசல் மேசையில் நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகுமுன் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். வணக்கம்.