பச்சைச் சூரியனும் ஒற்றைச் செருப்பும்

வாசகர் வட்டத்து அன்பர்களுக்கும், நமக்காக மாலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாக இந்த நூலகத்தைத் திறந்து வைத்திருக்கும் நூலகர் அம்மையாருக்கும் என் வணக்கம்.

தாம் படித்து முடித்த ஒரு நூலைப் பற்றி ஒருவர் பேசுவது இங்கே மாதந்தோறும் நடக்கும் வழக்கம். இம்முறை, படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்ட நூல்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று கேட்டேன், மறுக்காமல் அனுமதித்தீர்கள். நான் அதிகம் விரும்பிப் படிப்பவை ஃபேண்டஸி என்று நாம் அழைக்கும் மிகுபுனைவு நாவல்கள். நான் அதிகம் பாதியில் விட்டவையும் அவைதான். சில ஆண்டுகளாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். விட்ட நாவலின் பெயர், விட்ட பக்கத்தின் எண், விட்டதற்கான காரணம் ஆகியவற்றை அதில் இரண்டு மூன்று வரிகளில் எழுதி வருகிறேன். அந்த நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைத்தான் உங்கள் முன் விரிக்கப் போகிறேன்.

அந்த நாவலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதை நேசிப்பவர்கள் இங்கேயே இருக்கக்கூடும். எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூல். முகப்பில் வரைபடம், பின்னால் அரச வம்சங்களின் பட்டியல். கதாநாயகியின் தம்பி ஆற்றங்கரையில் கொல்லப்படுகிறான். அவள் அவன் உடலைக் கழுவுகிறாள். சேறு போக விரல் விரலாகத் துடைக்கிறாள். அப்போதுதான் அவன் காலில் ஒரு செருப்பு இல்லை என்பதைக் காண்கிறாள். பகைவர்கள் அருகில் இருக்கிறார்கள், ஓடியாக வேண்டும், இருந்தும் இருட்டும் வரை முழங்கால் தண்ணீரில் நின்று அந்த ஒற்றைச் செருப்பைத் தேடுகிறாள். அது கிடைக்கவில்லை. அந்த இரண்டு பக்கங்களைப் படித்தபோது நான் என் வீட்டுத் திண்ணையில் இல்லை, அந்த ஆற்றில் இருந்தேன். அடுத்த அத்தியாயத்தில் ஒரு முதிய மந்திரவாதி வருகிறார், ஒரு சொல்லை உச்சரிக்கிறார், தம்பி எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்கிறான். எல்லோரும் மகிழ்கிறார்கள். செருப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. 347-ஆம் பக்கத்தில் நூலை மூடி வைத்தேன்.

மந்திரத்தை நம்ப முடியாததால் நான் மூடவில்லை. அதற்கு முன் முந்நூறு பக்கங்களில் பேசும் நரிகளையும் பறக்கும் கோட்டையையும் மனமார நம்பியிருந்தேன். அந்த அக்காள் ஒரு மாலை முழுவதும் தண்ணீரில் நின்ற துயரத்தை அந்த ஆசிரியரே மதிக்கவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. இனி யார் இறந்தாலும் நான் அழ மாட்டேன். யார் பிழைத்தாலும் மகிழ மாட்டேன். மீதி நானூற்றுச் சொச்சம் பக்கங்களில் எனக்கு என்ன வேலை இருக்கிறது?

இந்த ஏமாற்றத்தின் தன்மையை எனக்கு விளங்க வைத்தது ஓர் உரை. ஆங்கில மிகுபுனைவு எழுத்தாளர் டோல்கீன் 1939 மார்ச் மாதத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய உரை அது. விரிவாக்கப்பட்டு 1947-இல் கட்டுரையாக அச்சானது. 'பச்சைச் சூரியன்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், மொழி அதற்கு இடம் தருகிறது, ஆனால் பச்சைச் சூரியன் இயல்பாகத் தோன்றும் ஓர் உலகத்தைப் படைப்பதற்கு உழைப்பும் சிந்தனையும் வேண்டும் என்கிறார் அவர். அந்தச் சூரியனுக்குக் கீழே இலைகள் என்ன நிறத்தில் இருக்கும், துணி எப்படிக் காயும், மக்கள் எந்த நேரத்தை விடியல் என்பார்கள் என்றெல்லாம் எழுதுகிறவர் யோசித்திருக்க வேண்டும் என்று நான் இதை விரித்துக்கொள்கிறேன். அவர் தம் சொல்லுக்குத் தாமே கட்டுப்பட்டவர். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற தம் பெரிய நாவலை எழுதும்போது முதலில் வரைபடத்தை வைத்துக்கொண்டு கதையை அதற்குப் பொருத்தினார். கதை பல வழிகளில் பிரிந்து செல்லும் இடங்களில் நிலவின் வளர்பிறையும் தேய்பிறையும் ஒத்துவர வேண்டும் என்பதற்காக எழுதியதைத் திருத்தினார்.

அதே உரையில் இன்னொரு கருத்து இருக்கிறது, எனக்கு அது இதைவிட முக்கியமானது. கவிஞர் கோல்ரிட்ஜ் 1817-இல், கவிதையைப் படிப்பவர் தம் அவநம்பிக்கையை மனமுவந்து ஒத்திவைக்கிறார் என்று எழுதினார். இலக்கிய வகுப்புகளில் இன்றும் ஓயாமல் சொல்லப்படும் வாசகம் இது. டோல்கீன் இதை ஏற்கவில்லை. கலை வெற்றி பெறும்போது வாசகர் எதையும் ஒத்திவைப்பதில்லை, அந்த உலகத்துக்குள் நுழைந்துவிடுகிறார், உள்ளே இருக்கும் வரை அதை நம்புகிறார். ஒத்திவைப்பு என்பது கலை நம்மிடம் தோற்ற பிறகு நாம் செய்துகொள்ளும் சமாளிப்பு. இதற்கு அவர் தரும் உதாரணம் கிரிக்கெட். உண்மையான ரசிகர் ஆட்டத்தில் லயித்துப்போயிருக்கிறார். டோல்கீனைப் போன்றவரோ வேறு ஏதாவது ஒரு காரணம் பிடித்து நிறுத்தினால்தான் சலிப்பில்லாமல் உட்கார்ந்திருக்க முடியும். கிரிக்கெட்டைப் பற்றி அவர் சொன்னதை வாசிப்புக்குப் பொருத்திப் பார்த்த அன்றுதான் என் நோட்டின் பொருள் எனக்கே புரிந்தது. 347-ஆம் பக்கம் வரை நான் ரசிகன். அதற்குப் பிறகும் தொடர்ந்திருந்தால், கொடுத்த விலைக்காகவோ, ஏற்கெனவே செலவழித்த மூன்று வார இரவுகளுக்காகவோ, எடுத்ததை முடிக்காதவன் என்ற சொல்லுக்கு அஞ்சியோதான் உட்கார்ந்திருப்பேன்.

நம் வீடுகளில் இந்த அச்சம் மிக ஆழமாக ஊன்றப்பட்டிருக்கிறது. புத்தகம் தவறிக் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். இலையில் வைத்ததை மிச்சம் வைக்கக்கூடாது என்று சொல்லித்தந்த அதே குரல்தான் புத்தகத்தையும் பாதியில் விடாதே என்கிறது. அந்த மரியாதையை நான் குறைத்துப் பேச மாட்டேன். நூலே அரிதாக இருந்த வீடுகளிலிருந்து வந்த மரியாதை அது. ஆயினும் சோறு வேறு, நாவல் வேறு. மிச்சம் வைத்த சோறு வீணாகிறது. நான் மூடிய நாவல் அதே சுவையோடு அடுத்தவருக்காகக் காத்திருக்கிறது.

இந்தக் கூடத்தின் சுவரில் படமாக இருப்பவர் இதைத் தெளிவாக உணர்ந்தவர். சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலில் நூலகத் துறைக்கு ஐந்து விதிகளை வகுத்தார். அவற்றில் இரண்டாம் விதி ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. நான்காம் விதியை அவர் நூல் வழங்கும் முறைக்காகத்தான் எழுதினார் என்பதை அறிவேன். திறந்த அலமாரிகள், நல்ல அட்டவணை, காத்திராமல் நூல் கையில் கிடைத்தல் ஆகியவையே அவருடைய அக்கறை. ஆனால் மூன்றாம் விதியையும் நான்காம் விதியையும் சேர்த்துப் படிக்கும்போது, எனக்குரியதல்லாத நூலை நான் என் மேசையில் மாதக்கணக்கில் தூசி படிய வைத்திருப்பது அந்த நூலுக்குரிய வாசகரிடமிருந்து அதைப் பறித்து வைப்பதாகும் என்றே எனக்குப் படுகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னாக் 1992-இல் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டபோது, நூலை முடிக்காமல் விடும் உரிமையை மூன்றாவதாக வைத்தார். அவர் உரிமை என்று சொல்வதை நான் கடமைக்கு அருகில் கொண்டுபோகிறேன்.

மிகுபுனைவில் மட்டும் இந்த ஏமாற்றம் ஏன் இவ்வளவு கனக்கிறது என்று கேட்கலாம். ஒரு காரணம் அதன் பருமன். டோல்கீன் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை ஒரே நூலாகவே கருதினார். போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் காகிதமும் அச்சுச் செலவும் தந்த நெருக்கடியால் பதிப்பகம் அதை மூன்று பாகங்களாக்கி 1954-இலும் 1955-இலும் வெளியிட்டது. செலவுக்காகச் செய்த அந்தப் பிரிப்பு பின்னால் வந்தவர்களுக்கு இலக்கணமாகிவிட்டது. மூன்று பாகம் போதாமல் ஐந்தும் பத்தும் ஆயின. ராபர்ட் ஜோர்டன் 1990-இல் தொடங்கிய 'தி வீல் ஆஃப் டைம்' 14 பாகங்கள் வரை நீண்டது. 2007-இல் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் எழுதிய இறுதிப் பாகம் 2013-இல் வந்தது. முதல் பாகத்தை இருபது வயதில் வாங்கியவர் முடிவைப் படித்தபோது நாற்பத்து மூன்று வயதைத் தொட்டிருப்பார். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரில் முதல் நூல் 1996-இலும் ஐந்தாம் நூல் 2011-இலும் வந்தன. ஆறாவது நூலுக்கான காத்திருப்பு பத்தாண்டுகளைக் கடந்துவிட்டது. எழுத முடியாமல் தவிக்கும் ஓர் எழுத்தாளர் மீது எனக்குச் சினம் எதுவும் இல்லை. அவரே ஓரிடத்தில் நிற்கிறார் என்றால், வாசகரும் ஓரிடத்தில் நின்றுகொள்வதில் குற்றவுணர்வு எதற்கு என்று மட்டும்தான் கேட்கிறேன்.

பருமனைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நம் தெருவில் நடக்கும் கதையில் ஆசிரியர் தவறு செய்தால், தெரு நமக்குத் தெரியும், நாமே மனத்துக்குள் திருத்திக்கொள்வோம். பச்சைச் சூரியனுக்குக் கீழே நமக்கு ஆசிரியரைத் தவிர வேறு துணையே இல்லை. அங்கே எது கனக்கும், எது வலிக்கும், எது திரும்பி வராது என்று அவர்தான் சொல்கிறார். அவர் சொன்ன சொல்லை அவரே மீறினால் நாம் நிற்பதற்குத் தரை இல்லை.

அர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' ஏறத்தாழ இருநூறு பக்கச் சிறு நாவல். அதில் மந்திரம் கற்கும் பள்ளியில் மாணவர்களுக்கு முதலில் சொல்லப்படுவது சமநிலை. ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் வேறோரிடத்தில் வறட்சி வரக்கூடும். கெட் என்ற இளைஞன் தன் செருக்கால், சக மாணவனிடம் திறமையைக் காட்டுவதற்காக, இறந்தவர் ஒருவரின் ஆவியை அழைக்கிறான். கிழிந்த வெளியிலிருந்து ஒரு நிழலும் சேர்ந்து வெளியே வந்து அவன் முகத்தைக் கீறுகிறது. அந்தக் கிழிசலை மூடுவதற்குத் தலைமை மந்திரவாதி தம் வலிமை முழுவதையும் செலவிட்டு உயிர் விடுகிறார். அவர் திரும்பி வருவதில்லை. கெட்டின் முகத்திலிருந்து அந்தத் தழும்பு மறைவதும் இல்லை. அந்த நாவலை நான் நான்கு முறை படித்திருக்கிறேன்.

இறந்தவர் திரும்பி வரவே கூடாது என்பது என் வாதம் அன்று. டோல்கீனின் அந்த நாவலில் மந்திரவாதி காண்டால்ஃப் பாதாளத்தில் விழுந்து, மாண்டு, திரும்பி வருகிறார். ஆனால் வந்தவருக்குத் தம் பழைய பெயரே எங்கோ தொலைவிலிருந்து நினைவுக்குக் கொண்டுவர வேண்டியதாக இருக்கிறது. அவர் இல்லாத நாட்களில் அவருடன் வந்த பயணக் குழு சிதறிவிட்டது. அந்தக் குழுவில் இருந்த வீரர் போரோமிர் இறந்தார், அவர் வரவே இல்லை. கதாநாயகன் ஃப்ரோடோ அக்டோபர் 6-ஆம் நாள் வாங்கிய காயம், எல்லாம் முடிந்து ஊர் திரும்பிய பிறகும் ஆண்டுதோறும் அதே நாளில் வலிக்கிறது. தான் காப்பாற்றிய ஊரிலேயே அவனால் வாழ முடியாமல் கப்பல் ஏறுகிறான். அந்த ஆசிரியர் காயத்தின் தேதியைக்கூட மறக்கவில்லை.

என் நோட்டிலிருந்து எடுத்த அந்த எண்ணூறு பக்க நாவலை இந்த நூலகத்துக்கே அன்பளிப்பாகக் கொடுத்தேன். கொடுக்கும்போது 347-ஆம் பக்கத்தில் செருகியிருந்த பேருந்துச் சீட்டை எடுக்க மறந்துவிட்டேன். ஓராண்டு கழித்து, இங்கே வந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண் என்னிடம் அந்தச் சீட்டைக் கொடுத்து, "ஐயா, இங்கேயா நிறுத்தினீங்க? இன்னும் கொஞ்சம் படிச்சிருக்கலாமே" என்றார். உயிர் பெற்ற தம்பி கடைசி வரை ஒரு காலில் செருப்பில்லாமல்தான் நடக்கிறானாம். எந்தச் செருப்பைப் போட்டாலும் அந்தக் காலுக்குத் தெரிவதில்லையாம். அக்காள் அதைக் கவனிக்கும் இடம் அறுநூறு பக்கங்களுக்கு மேல் வருகிறதாம். நின்றபடியே அந்தப் பகுதியை எனக்குப் படித்துக் காட்டினார். அது நல்ல எழுத்துத்தான். அந்தப் பெண் படித்துக்கொண்டிருந்தபோது அவர் கண்கள் கலங்கியதையும் பார்த்தேன். ஆனால் எனக்கு அந்த ஆற்றுத் தண்ணீர் திரும்ப வரவில்லை. நடுவில் இருந்த முந்நூறு பக்கங்கள் அவரை நம்பிக்கையோடு நடத்திச் சென்றிருக்கின்றன. அந்த நம்பிக்கையை நான் 347-இல் இழந்திருந்தேன். நான் விட்டதும் சரி, அவர் தொடர்ந்ததும் சரி என்று சொல்லிச் சமாதானமாகிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு காலை அறுநூறு பக்கம் வரை மறைத்து வைத்தது ஆசிரியரின் பிழையா, அந்த முந்நூறு பக்கம் பொறுக்காமல் போனது என் பிழையா என்பதை நாங்கள் இருவரும் அன்று ஒரு மணி நேரம் பேசினோம். நான் முடித்த எந்த நாவலைப் பற்றியும் யாருடனும் அவ்வளவு நெருக்கமாகப் பேசியதில்லை.

ஆகவே வட்டத்தின் பொறுப்பாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்திற்கு ஒவ்வொருவரும் தாம் பாதியில் விட்ட ஒரு நாவலைக் கொண்டுவரட்டும். நூல் கையில் இல்லாவிட்டால் பெயரும் பக்க எண்ணும் போதும். நூலகர் அம்மையார் இசைந்தால், வாசலுக்கு அருகில் இருக்கும் அந்தக் காலி அடுக்கில் அவற்றை வைக்கலாம். விட்ட பக்கத்தில் ஒரு சீட்டைச் செருகி, விட்டதற்கான காரணத்தை அதில் எழுதலாம். என்னிடம் இருந்து முதலில் ஏழு நூல்கள் வரும்.